சாயப்பட்டறைக்கு வந்த ரப்பர் குழாய்

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பம்பைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பம்போடு நான் பட்ட பாட்டை வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

யுத்த காலம். பாளையம்பட்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் எனக்குப் பம்படிக்கிற வேலை. கீழ்த்தொட்டியில் கரைத்த சிவப்புச் சாயத்தை மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். இருந்தது இரும்புக் கைப்பம்பு. சாயத்தின் காரம் அதன் தோல் வாசரைப் பத்தே நாளில் தின்றுவிடும். துரு கலந்து சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் முதலாளியின் மச்சான் பந்தல்குடி சாலையில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். அவர் இதைப் பார்த்து, ஒரு சாமானைச் செய்து கொண்டுவந்தார். அரைவட்ட மரச்சட்டம், அதற்குள் வளைத்துப் பொருத்திய தடித்த ரப்பர் குழாய், நடுவில் கைப்பிடி வைத்த சக்கரம், சக்கர ஓரத்தில் மூன்று உருளைகள். சுற்றினால் உருளை குழாயை நசுக்கிக்கொண்டே போகும், பால் கறப்பவர் காம்பை அழுத்தி இழுப்பது போல. முன்னால் உள்ள சாயம் தள்ளப்படும். பின்னால் குழாய் நிமிரும்போது புதுச் சாயம் ஏறும். வாசர் இல்லை, வால்வு இல்லை. சாயம் ரப்பரைத் தவிர எதையும் தொடாது. வெறுமனே சுற்றினாலும் கெடாது. கிழிந்தால் வேறு குழாய் மாட்டினால் போதும். எனக்கு அதைக் கும்பிடலாம் போல இருந்தது.

ஆனால் முதல் நாள் நூல் திட்டுத்திட்டாக வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே.

நூலுக்குச் சர்க்கார் கண்ட்ரோல் இருந்த நேரம். அந்த மாதத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அது கெட்டால் ஒரு தெருத் தறிகள் அத்தனையும் நின்றுபோகும். செங்கல் நிறமானாலும் ஒரே நிறமாக வரட்டும், சாயங்காலத்துக்குள் இரும்புப் பம்பையே மாட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அப்போதுதான் சாயம் கரைக்கும் மேஸ்திரி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வந்தார். குழாயின் வாயைத் தூக்கி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறக்கினார். இரண்டு நாளாக என் கண்ணெதிரே செய்ததுதான். இரும்புப் பம்புக்கு அப்படி ஊற்றினால்தான் வாசர் பிடிக்கும். முதலில் வரும் அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிடுவோம். இந்தக் குழாயிலோ ஊற்றியது அப்படியே மேல்தொட்டிக்குப் போயிற்று. சாயம் கரைப்பது வண்டியில் வரும் ஊருணித் தண்ணீரில். செம்பில் இருந்தது எங்கள் கிணற்று உப்புத் தண்ணீர். அது பட்டால் சாயம் கெட்ட பால் போலத் திரிந்துவிடும்.

"மாமா, இதுக்குத் தண்ணி ஊத்த வேணாம்" என்றேன்.

"பச்சப்புள்ளைக்கே சேனைத் தண்ணிய நாக்குல தொட்டு வச்சுட்டுத்தான்டா பாலு குடுக்கோம். இது என்ன பெரிய எடத்துப் புள்ளையா?"

மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் தலையாட்டிவிட்டு மறுபடி செம்பை மொண்டார். முப்பது வருஷம் ஊற்றிப் பழகிய கை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரும்புப் பம்பு எங்கே என்று கேட்டுக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். அதுவரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசாதவன், மேஸ்திரி கையிலிருந்த செம்பைப் பிடுங்கி நீட்டினேன்.

"மொதலாளி, நூலைக் கெடுக்குறது இதுதான். குடிச்சுப் பாருங்க."

அவர் ஒரு வாய் வைத்துத் துப்பினார். "ஊத்தாமச் சுத்து" என்றார்.

சுற்றினேன். ஐந்தாறு சுற்றுக்கு வெறும் காற்றுதான் வந்தது.

"காத்துல சாயம் போடப் போறான்" என்றார் மேஸ்திரி.

பிறகு கைப்பிடி கனத்தது. மேல்தொட்டியில் சிவப்பு விழுந்தது. அதில் தோய்த்த நூல் அடி முதல் நுனி வரை ஒரே நிறமாக வந்தது. மேஸ்திரி தன் வீட்டுத் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு காயப்போடும் கம்புகளைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் மீதி நூலையும் தோய்த்து முடித்தோம். மேஸ்திரி செம்பு கொண்டுவரவில்லை.