அத்தை போனில் அசையாத கைகள்

என் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எங்கள் வீட்டில் எல்லோரும் அவளோடு சைகையில்தான் பேசுவோம். சண்டையும் சைகையில்தான். கறம்பக்குடியில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை நிச்சயமான நாளிலிருந்தே சைகை கற்றுக்கொண்டு, தாலி கட்டுவதற்குள் அவளைக் கேலி செய்யும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் பகலில் அவர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தங்கச்சி எழுதிக் கொடுக்கும் சீட்டை அவர் வாசித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

அன்னவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத மதியங்களில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆடிக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அத்தை பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு பக்கம் செய்யலாம் என்று யோசனை வந்தது. தண்ணீர், சோறு, தலைவலி, கரண்ட் போச்சு என்று அறுபது சைகைகளை அவளைச் செய்யச் சொல்லி வீடியோ எடுத்தேன். வெட்டுவதற்கு வசதியாக, ஒவ்வொன்றையும் இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு தொடங்கச் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் தானாக ஆடும் ஜிஃப் படங்களாக மாற்றினேன். அத்தை எதையும் தட்ட வேண்டாம். பக்கத்தைத் திறந்தால் போதும், கை ஆடும்.

படங்கள் கனமாக இருந்தன. பக்கம் திறப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். ஏதோ ஓர் இலவச மென்பொருளில் போட்டு எல்லாவற்றையும் சின்னதாக்கி, அதே பெயர்களில் மறுபடி ஏற்றினேன். என் கம்ப்யூட்டரில் அறுபதும் அழகாக ஆடின. லிங்க்கை அனுப்பிவிட்டு இரண்டு நாள் கழித்து அத்தைக்குப் போன் போட்டேன்.

“பாத்தீங்களா அத்தை?”

“பாத்தேன் தம்பி. ஒங்க தங்கச்சி எல்லாத்துக்கும் கும்புடுதான் போடுறா. தண்ணிக்கும் கும்புடு, சோத்துக்கும் கும்புடு. சரி, அவுக பாஷை அப்புடித்தான் போலன்னு நானும் தண்ணி கேக்க அவளைக் கும்புட்டேன். பதறிப் போயி என் கால்ல விழுந்துட்டா.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, “படம் ஆடலையா?” என்றேன்.

“சாமி படம் மாதிரி நிக்கிது.”

என் வேலையில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் போன்தான் சரியில்லை என்று அணைத்துப் போடச் சொன்னேன். சிக்னல் இல்லையோ என்று அவரை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். அந்த வெயிலில் அங்கிருந்து கத்தினார்: “இங்கிட்டு நின்னாலும் கும்புடுதான் தம்பி!” பிறகு வெப்சைட்டின் கோடிங் வரிகளை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்த தலைப்பு கோணலாகிப் போனதுதான் மிச்சம். கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் எல்லாம் கம்ப்யூட்டரைக் காட்டி, “ஆடுதா இல்லையா, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டேன். ஆடுது என்றார்கள். எனக்கு ரோஷம் கூடியது.

மூன்றாம் நாள் தங்கச்சி வீடியோ காலில் வந்தாள். மாமியாரைத் திட்டுவதை நிறுத்து என்று முதலில் முறைத்தாள். நான் திட்டவில்லை என்றேன். பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஒன் போன்ல பாத்தியா?”

பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். அறுபது கட்டத்திலும் அவள் கைகூப்பி நின்றாள்.

அப்புறம்தான் விளங்கியது. அந்த மென்பொருள் ஒவ்வொரு ஜிஃப்பிலும் முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தின்றிருக்கிறது. என் கம்ப்யூட்டரோ முன்பு பார்த்த பழைய படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சேமித்ததை அழித்துவிட்டுத் திறந்தேன். அங்கேயும் கும்பிடு. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

எல்லாப் படத்தையும் விடாமல் சின்னதாக்கும் வேறொரு மென்பொருளைப் பிடித்து அறுபதையும் மறுபடி செய்தேன். தங்கச்சி, மாப்பிள்ளை, அத்தை மூவர் போனிலும் ஆடியது. ஆனால் மறுநாளே அத்தை கூப்பிட்டார்.

“ஒரே ஒரு தடவ ஆடிட்டு நின்னுருது தம்பி. கண்ணாடிய எடுத்து மாட்டுறதுக்குள்ள முடிஞ்சு போயிருது.”

இந்த முறை அவர் போனைக் குறை சொல்லவில்லை. மென்பொருளில், படம் எத்தனை முறை ஓட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஒன்று என்று இருந்தது. பூஜ்யம் போட்டால் நிற்காமல் ஓடுமாம். போட்டேன். ஓடியது.

ஒரு மாதம் கழித்துக் கறம்பக்குடிக்குப் போனேன். அடுப்படியில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே பெரிய சண்டை. குழம்பில் உப்புப் போட்டாச்சு என்கிறாள் தங்கச்சி. போடவில்லை என்கிறார் அத்தை. கைகள் பறக்கின்றன. கரண்டியைப் பிடித்திருந்ததால் அத்தைக்கு ஒரு கை போதவில்லை. கரண்டியை வைத்துவிட்டுத் தொடர்ந்தார். நான் வாசலிலேயே நின்று சந்தோஷமாக வேடிக்கை பார்த்தேன்.

என்னைப் பார்த்ததும் அத்தை, “வாங்க தம்பி” என்றார். அடுத்த மூச்சிலேயே, “அந்தப் படத்துல ‘நீ சொல்றது தப்பு’ன்னு ஒண்ணு இல்லையே? அது இல்லாம எப்புடிக் குடும்பம் நடத்துறது?” என்று கேட்டார்.

தங்கச்சிக்கு அதைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சைகையை மாமியாருக்கு அவளே செய்து காட்டினாள். அத்தை நான்கைந்து முறை பழகிவிட்டு, என் போனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, “என்னையவே எடுங்க” என்றார்.

அறுபத்தோராவது படத்தில் ஆடுவது அவருடைய கை.