இரண்டாவது சொம்பு

1991. வாத்தியார் வேலை போதாதென்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். மணிமங்கலம் பக்கம் ஒரு சிற்றூரில் வீடு வீடாக அலைந்து, கால் ஓய்ந்து, கடைசி வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கும் முன்பே அந்த வீட்டம்மா ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினார். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன். கொஞ்சம் தயங்கி, அதையும் தந்தார்.

பிறகுதான் ஊரைப் பற்றி விசாரித்தேன்.

"பழைய ஊராம்மா?"

"ராஜா காலத்து ஊரு சார்."

"பஸ் வருதா?"

"இல்ல சார்."

"குடிதண்ணி?"

"கெணறு ஒரே உப்பு. ஏரிக்கு அந்தாண்ட போயி தூக்கினு வரணும். இனிமேதான் போவணும்."

உள்ளே குடம் கவிழ்ந்து கிடந்தது.

'குடிநீர் வசதி இல்லை' என்று எழுதினேன். என் மீசையில் ஈரம் இன்னும் காயவில்லை.