ஆறு என்றால் நாற்பத்திரண்டு

பெயர்ப்பலகையில் கல்லூரி என்றுதான் எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு மண்டபம். மன்னர் படத்துக்குக் கீழே என் ஐந்தாம் வகுப்பு, அதற்கு அடுத்து கணக்கு மாஸ்டரின் வகுப்பு. நடுவே ஒரு தட்டி கூடக் கிடையாது. மாஸ்டர் பள்ளிவாசல்துறைக்காரர். கரையில் நின்றே கடலில் போகும் தோணியைக் கூப்பிட்டுத் திருப்பிவிடக்கூடிய குரல் அவருக்கு. நான் சிலாபத்தில் கன்னியர் மடத்தில் படித்தவள். மெதுவாகப் பேசுவதே மரியாதை என்று பழக்கியிருந்தார்கள்.

"இலங்கையின் மிக நீளமான ஆறு..." என்று நான் தொடங்குவேன். அந்தப் பக்கம் "ஆறேழு?" என்று முழங்கும். என் பிள்ளைகள் ஒரே குரலில் "நாற்பத்திரண்டு!" என்பார்கள். போகப்போக, நான் ஆறு என்று வாயெடுத்தாலே நாற்பத்திரண்டுதான். சிரிப்பும் வரும், அழுகையும் வரும். வீட்டுக்குப் போய் அழுதுமிருக்கிறேன்.

அது என் முதல் வருடம். இன்ஸ்பெக்டர் வந்து பாடத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டால்தான் என் நியமனம் நிரந்தரமாகும். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"மாஸ்டர், உங்கட வாய்ப்பாட்டை என்ட வகுப்பும் பாடமாக்கிட்டுது."

"மாஷா அல்லாஹ்! நல்லம்தானே, டீச்சர்," என்று மனிதர் சந்தோஷப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவர் குரலைத் தாழ்த்திப் பார்த்தது உண்மை. அரைப் பாடத்துக்குமேல் அது தாங்கவில்லை. இனி இந்தக் கல்லூரியில் பிழைக்க முடியாது என்று இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதி அலுமாரியில் வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அடுத்த வகுப்பு வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் மட்டும்தான். நான் ஆறு என்றேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு "மகாவலி கங்கை" என்றார்கள். என் குரல் கடைசி வாங்குவரை போவதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

மாலையில் அதிபர் இன்ஸ்பெக்டரின் குறிப்பை வாசித்தார். என் நியமனம் நிரந்தரம். கணக்கு மாஸ்டர் பாட நேரத்தில், அனுமதியில்லாமல், மண்டபத்தில் இருக்கவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அவர் பிள்ளைகளோடு கடற்கரைப் பூவரச மரத்தடியில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன மாஸ்டர் இது?" என்றேன்.

"மெய்தானே எழுதியிருக்கார். வெளியதான் இருந்தன்," என்றார். "சத்தத்தைக் கொறைச்சுப் பாத்தன் டீச்சர், ஏலாமப் போச்சு. அதுதான் வாயையே வெளிய கொண்டுபோனன்."

வேறொருவரின் நன்மைக்காகத் தன் பெயரில் கறுப்புப் புள்ளி வாங்கிக்கொண்டவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. இவரையா ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன்.

மறுநாள் காலை அவர் பழைய இடத்தில் நின்றார். குரல் மட்டும் பயந்து பயந்து வந்தது. "ஆறேழு?" என்று தன் வகுப்பிடம் முணுமுணுத்தார். என் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். மண்டபம் அதிர "நாற்பத்திரண்டு!" என்று நானே கத்தினேன்.