பெயரை மட்டும் மாற்றினேன்

என் மாமா இருபத்தாறு வருடம் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலந்தார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்து அறிந்தவர்கள் வெகுகாலம் இரண்டே பேர்தான்: அவரும் என் அத்தையும். மூன்றாவதாக நான் சேர்ந்தேன். எனக்குப் பிறகு எத்தனை பேர் என்பதை என் கைப்பேசி எண்ணிக்கொண்டே இருந்தது.

மாமாவைப் பெரிய கலைஞர் என்று சொல்லமாட்டேன். பிடிவாதக்காரர், பொறுமைசாலி, வேலையில் கறார். நிற மாதிரிகள் அச்சிட்ட ஷேட் கார்டில் இருக்கும் எண்கள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த எண்ணுக்கு எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்பதும் அப்படியே. சாயப் புட்டிகள் அலமாரியில் அவர் வைத்த வரிசையில்தான் இருக்க வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் கடை அதிரும். "என் அலமாரில கை வச்சா கை இருக்காது, சொல்லிட்டேன்." மற்றவர்கள் அதைச் சுத்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எண் இல்லாமல் வருகிறவர்கள்தான் சிக்கல். பழைய சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு துண்டை நீட்டி, "இதே கலர் வேணும்" என்பார்கள். "வீட்டுல இத என்ன கலர்னு சொல்லுவீங்க?" என்று மாமா பேச்சுக் கொடுப்பார். பதிலை வைத்துக்கொண்டு ஒரு கலவை கலந்து, டின் மூடியில் ஒரு விரல் அளவு தடவி, அவர்கள் கையிலேயே கொடுப்பார். "வெளிச்சத்துல வச்சு நீங்களே சொல்லுங்க." அவர்கள் வாசலுக்குப் போய் மூடியைப் பார்க்கும்போது மாமா அவர்கள் முகத்தைப் பார்ப்பார். புருவம் சுருங்கினால் இதில் ஒரு சொட்டு. உதடு கோணினால் அதில் ஒரு சொட்டு. மூன்றாவது தடவைக்குள் முகம் தெளிந்துவிடும். வாடிக்கையாளருக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஆள் உண்டா என்று கடையில் பேர் வாங்கியிருந்தார்.

எனக்கு இது தெரியவந்தது ஒரு ஃபைலால். மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டு மாடியில் இருந்தார்கள். மேலே சத்தம் குறைவு என்று நான் அங்கேதான் படிப்பேன். கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தெருவில் நின்றபடி கத்தினேன்.

"மாமா, அந்தச் சிவப்பு ஃபைல மேலேர்ந்து போடுங்க!"

பச்சை ஃபைல் வந்து விழுந்தது.

"சிவப்பு மாமா, சிவப்பு!"

இன்னொன்று விழுந்தது. அதுவும் பச்சை.

"கண்ண எங்க அடகு வச்சீங்க?" என்றேன். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் முதலாளியிடம் சொல்ல நினைத்தாராம். இரண்டாவது வாரத்தில் வேலை நன்றாகப் போனது. அப்புறம் சொல்வதற்கு வாரமே வரவில்லை. முடிவில், "இது உன்னோட இருக்கட்டும்மா" என்றார். நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நமக்குத் தெரிந்த ஓர் உழைப்பாளியைப் பற்றி எழுதிச் சமூக ஊடகத்தில் போட வேண்டும். பெயர் கூடாது, இடம் கூடாது, படம் கூடாது. எழுதியதைச் சோதிக்க இணையத்தில் ஒரு கருவியும் உண்டு. கட்டுரையை ஒட்டினால் அதில் தனிப்பட்ட விவரம் ஏதாவது இருக்கிறதா என்று சொல்லும். மாமாவைப் பற்றி எழுதி ஒட்டினேன். 'எதுவும் இல்லை' என்று பச்சை டிக் விழுந்தது.

கருவி என்னை ஏமாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மை அப்படியில்லை. மாமா தலைக்கு மேலேயே இருந்தார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கருவியைக் கேட்டேன்.

அவருக்கு வேறு ஒரு பெயர் வைத்திருந்தேன். மற்றதெல்லாம் அப்படியே எழுதியிருந்தேன்: அலமாரி, மூடி, முகங்கள், அவர் பேசும் பேச்சு. முதல் நாள் நாற்பது பேர் படித்தார்கள். மறுநாள் மதியம் நாலாயிரம். முன்பின் தெரியாதவர்கள் 'கண் கலங்கிவிட்டது' என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நான் கீழே உட்கார்ந்து பாராட்டுகளுக்கு ஒவ்வொன்றாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்களின் குழு ஒன்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. அந்தக் கடைக்கே வருகிற ஒரு மேஸ்திரி அதன் அடியில் எழுதியிருந்தார்: 'டேய், இது நம்ம வெளிச்சம் அண்ணன்டா!'

வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடையில் மாமாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வெளிச்சத்துல வச்சு நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் பெயரே 'வெளிச்சம்' ஆகியிருந்தது. அடையாள அட்டையில் இருந்த பெயரை நான் கவனமாக எடுத்துவிட்டேன். ஊர் கூப்பிட்ட பெயரை மேற்கோள் குறி போட்டுக் கட்டுரையின் நடுவில் வைத்திருந்தேன்.

கடைக்கு ஓடினேன். ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். மேஸ்திரி ஒரு மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"வெளிச்சம் அண்ணே, இது கிளியா தக்காளியா?"

"உன் மூஞ்சி கலர்டா அது."

"அப்படின்னா அதுவும் உனக்குத் தெரியாதே!"

கடையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார், அடுத்தவரைப் பார்த்தார். எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு. அதை வைத்துக்கொண்டு எந்த நிறத்தையும் சொல்ல முடியாது.

முதலாளி கெட்டவர் இல்லை. "உன்மேல எனக்குக் கோபமில்லப்பா. ஆனா இனிமே எவன் சுவத்துல எந்தக் கலர் தப்பினாலும் உன் தலையிலதான் விடியும்" என்றார். அடுத்த வாரம் மாமாவைக் கிடங்குக்கு மாற்றினார். சம்பளம் அதேதான். அலமாரி புதிதாக வந்தவரின் வசதிக்கு மாற்றி அடுக்கப்பட்டது.

அத்தைதான் கேட்டாள். "இருபத்தாறு வருஷம் நான் வாயத் தொறக்கல. உனக்கு ஒரு மாசம் தாங்கல, இல்ல?"

"விடு, சின்னப் பொண்ணு" என்றார் மாமா.

எனக்கு அப்போது இருபது வயது. சின்னப் பெண் இல்லை. பதிவை நீக்கிவிட்டேன் என்றேன். அதன் ஸ்கிரீன்ஷாட்டுகள் சுற்றிக்கொண்டிருப்பது மூவருக்கும் தெரியும். "உங்க வேலையில ஒரு தப்புகூட வந்ததில்லன்னு விளக்கமா இன்னொன்னு எழுதறேன் மாமா."

"வேணாம்மா. அதுக்கும் ஒரு நாலாயிரம் பேர் வருவாங்க."

பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத கதை என்றுதான் நான் படித்திருந்தேன். எங்கள் பாடமும் அப்படித்தான் சொன்னது, கருவியும் அப்படித்தான் சொன்னது. மிச்சம் இருந்ததுதான் மாமா. பெயரை வேண்டுமானால் வேறொருவருக்கும் வைக்கலாம். அந்த அலமாரியும் அந்தப் பயமும் அவர் ஒருவருக்குத்தான் இருந்தன. அதை ஒரே ஒரு ஆளிடம் கொடுத்துவைத்தார். அந்த ஆளுக்கு அது எழுத நல்ல விஷயமாகப் பட்டது.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. மாமா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. பஸ் தாமதம், மழை, மின்வெட்டு என்று பேசுவார். என்னிடம் இப்போது அவர் சொல்வது எதையும் தெருவில் நின்று உரக்கச் சொல்லலாம். அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்வதாகவும் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டேன். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, அத நான் திரும்ப எழுதலாமா? நான் பண்ணின தப்பப் பத்தித்தான். நீங்க வேணாம்னா வேணாம்."

"எழுதிக்கோ."

"யோசிச்சுச் சொல்லுங்க மாமா."

"வேணாம்னு சொல்றதுக்கு இனிமே என்னம்மா இருக்கு?" என்றார். குரலில் கோபம் இல்லை. தண்ணீர் மோட்டார் போடும் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.