திருப்பிக் கொடுத்த பன்னிரண்டு புத்தகங்கள்

விட்பியையும் தாண்டிக் கிழக்கே போய், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சோளக் காடுகளுக்கு நடுவே இன்னும் முக்கால் மணி நேரம் ஓடினால் அந்த ஊர் வரும். ஒரு தேவாலயம், ஒரு பொது மண்டபம், ஒரு கடை. அந்தக் கடையை நாங்கள் வாங்கினோம். "சனம் குறைஞ்ச இடம், போட்டியும் இல்லை, நிம்மதியா இருக்கலாம்" என்றார் என் கணவர். நகரத்தில், அஜின்கோர்ட்டில் இருந்த தொடர்மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு போனோம். எட்டு வருடம் இருந்தோம்.

ஊர் மரியாதையான ஊர். எல்லோரும் காலநிலையைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசுவார்கள். முதல் வருடம் அறுவடை விருந்துக்கு எங்களையும் அழைத்தார்கள். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு சாப்பாடு கொண்டுவர வேண்டும். நான் விடியவே எழும்பி எண்பது மீன் கட்லட் பொரித்துக்கொண்டு போனேன். நீள மேசையில் வான்கோழிக்கும் பூசணிப் பைக்கும் இடையில் வைத்தேன். விருந்து முடிந்து மண்டபத்தைக் கூட்ட உதவியபோது, கறுப்புக் குப்பைப் பைக்குள் என் கட்லட்டுகள் முழுசு முழுசாகக் கிடந்தன. அடுத்த நாள் தட்டைக் கழுவி, நன்றி எழுதிய சிறிய அட்டையோடு கடைக்குக் கொண்டுவந்து தந்தார்கள். எல்லோருக்கும் மிகவும் பிடித்திருந்ததாம்.

அந்த விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூன்று கட்லட் சாப்பிட்டவர் ஒருவர்தான். மண்டபத்தின் பின்னறையில் இருந்த சிறிய நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணி. அறுபது வயதிருக்கும், கணவரை இழந்தவர், அந்த ஊரிலேயே பிறந்தவர். செவ்வாய்க்கிழமைகளில் கடைக்கு வந்து தேநீர் குடிப்பார். எங்கள் தேநீரை, இஞ்சி போட்டு, சீனி கூட்டி.

ஊர் தோன்றிய ஆண்டுவிழா நெருங்கியபோது, ஊரின் வரலாற்றை எழுதும் பொறுப்பை ஊர்ச்சபை அவரிடமே கொடுத்தது. இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களையும் கடிதங்களையும் வாங்கிச் சேர்த்தார். என்னிடமும் வந்தார். மட்டக்களப்பில் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டு, மூன்று முறை எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்.

புத்தகம் விழா அன்று வெளியானது. உழவு இயந்திர ஊர்வலம், பாண்டு வாத்தியம், ஐஸ்கிரீம். விழாவிலேயே வீட்டுக்கொன்று விற்றுப்போனது; மிஞ்சிய பன்னிரண்டு பிரதிகளை விற்பனைக்கென்று எங்கள் கவுண்டரில் அடுக்கிவிட்டுப் போனார்.

ஒரு கிழமைக்குள் ஊர் முழுவதும் நாலாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டது.

அதில் எழுதியிருந்தது இதுதான்: ஊர் இருக்கும் நிலத்தில் முதலில் காடு வெட்டிக் குடியேறியது கறுப்பினக் குடும்பம் ஒன்று. அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஏரியைக் கடந்து வந்தவர்கள். கொல்லுப்பட்டறை வைத்திருந்தார்கள். பின்னால் வந்த வெள்ளையர்களுக்கு ஆற்றோரத்து அந்த நிலம் தேவைப்பட்டது. ஒரு கடுங்குளிர் நாளில் பத்துப் பேர் ஏணிகளோடு போய், அந்தக் குடும்பம் உள்ளே இருக்கும்போதே வீட்டின் கூரையைக் கழற்றி இறக்கினார்கள். யாரையும் அடிக்கவில்லை. கூரையை மட்டும் எடுத்தார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் தன் நாட்குறிப்பில், "கைக்குழந்தை அழுதது. பின்னேரத்துக்குள் போய்விட்டார்கள்" என்று எழுதி வைத்திருந்தார். அவர் இப்போதைய ஊர்ச்சபைத் தலைவரின் பூட்டனார், பாட்டனுக்குத் தகப்பன். நாட்குறிப்பைப் பரணிலிருந்து எடுத்து, படித்துப் பார்க்காமலே பெருமையோடு கொடுத்தவரும் தலைவர்தான்.

ஊரின் முகநூல் பக்கத்தில் புத்தகம் எழுதியவரைப் பொய்க்காரி என்றார்கள். அவருடைய தபால்பெட்டியை யாரோ வாகனத்தால் இடித்துச் சாய்த்தார்கள். பிறகு ஒரு காலை தலைவர் எங்கள் கடைக்கு வந்தார். பால் வாங்கினார். புத்தக அடுக்கைத் தொடாமல் பார்த்துவிட்டு, "இது உங்கள் கவுண்டரில் வீணாக இடம் பிடிக்கிறதே" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் கணவர் சொன்னார்: "உதுகளை எடுத்துத் திருப்பிக் குடுத்துவிடும்."

"அந்த மனுசி எங்களுக்கு என்ன செய்தவ? உண்மையைத்தானே எழுதியிருக்கிறா."

"அந்தச் சனம் போய் எத்தினை காலம்? நாங்கள் இருக்கிறது இப்ப. இந்த ஊர் எங்களோட கதைக்காமல் விட்டால் என்ன செய்யிறது, சொல்லும் பாப்பம்?"

சாமான் அறைக்குள் ஒரு பிரதியைக் கொண்டுபோய் நின்றபடியே படித்தேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் எங்களைப் பற்றியது. என் ஊரின் பெயர் ஒரு எழுத்தும் பிழைக்காமல் இருந்தது. படித்து முடித்து, அந்தப் பிரதியையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். தேநீருக்கு முன்னரே பெட்டியைக் கவுண்டரில் வைத்தேன்.

"ஒன்றுகூட விற்கவில்லையா?" என்று கேட்டார்.

"இடம் காணாது" என்றேன்.

"நீ படித்தாயா?"

"நேரம் கிடைக்கவில்லை."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளித் திறந்து போனார். நான் போய்க் கதவைப் பிடித்திருக்கலாம்.

அந்த வருட அறுவடை விருந்துக்கும் அவர் வந்தார். மண்டபத்தில் அவருடைய மேசையில் ஏழு கதிரைகள் காலியாக இருந்தன. நான் தட்டோடு நின்றேன். தலைவரின் மனைவி தூரத்திலிருந்து கையை ஆட்டி, தன் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினாள். எட்டு வருடத்தில் அவள் என்னைக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவர் தனியாக இருந்து, அவசரப்படாமல், தட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போனார்.

பனி தொடங்குமுன் ஊர்ச்சபை நூலகத்தை மூடியது. அவர் வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டார். யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

அடுத்த கோடையில் தலைவரின் மகன் வீதி முனையில் பெற்றோல் அடிக்கும் காஸ் ஸ்ரேஷனும் அதோடு பெரிய கடையும் திறந்தான். அனுமதி கொடுத்தது ஊர்ச்சபை. ஒரு மாதத்துக்குள் எங்கள் கடைக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. வீதியில் கண்டால் முன்போலவே சிரித்து, காலநிலையைப் பற்றிப் பேசினார்கள். கணவர் கடை வாசலில் நின்று, போகிற வாகனங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அதை மூடிவிட்டு அஜின்கோர்ட்டுக்கே திரும்பினோம். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை.

போன மாசி மாதம் மீன் வாங்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தேன். அங்கே அந்த நூலகப் பெண்மணி நின்றார். கைத்தடி வைத்திருந்தார். பக்கத்தில் எங்கோ கண் வைத்தியரிடம் வந்திருக்கிறாராம், நகர நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் மகளோடு இருக்கிறாராம். நான் பையை நிலத்தில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். புத்தகத்தை அன்றைக்கே படித்தேன் என்றும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அந்தப் பெட்டியில் ஒரு புத்தகம் மட்டும் கையில் எடுத்ததும் கடைசி அத்தியாயத்தில் தானாக விரிந்தது."

பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அவர்கள் தங்கள் பூட்டனைக் காப்பாற்றினார்கள். அதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. உன்னை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை."

சுரங்க ரயிலுக்குப் போகிற பஸ் இதுதானா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். படியில் ஏற உதவுவதற்காகக் கையை நீட்டினேன். அவர் கம்பியைப் பிடித்து ஏறினார்.