டீ குடிக்கப் போன டிரைவரின் கேபின்

எங்கள் பட்டறைக்குத் துருப்பிடித்த லாரியோடு வருகிற யாரும் இதுவரை ‘துரு’ என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. “லேசா பெயிண்ட் உரிஞ்சிருக்கு” என்பார்கள். கடலூரில் அப்பா நடத்துவது லாரி டிங்கரிங் பட்டறை. டிரைவர் உட்கார்கிற கேபினைத் தட்டி, வெட்டி, ஒட்டிச் சரிசெய்து தருவார். பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் ஃபோன் எடுப்பது என் வேலை. ஃபோன் வராத நேரத்தில், வந்துபோனவர்கள் எல்லாருடைய குரலிலும் பேசிக் காட்டுவது என் சேவை. தூக்கிப் போடவும் மனசில்லாமல், ரிப்பேர் பார்க்கவும் தெம்பில்லாமல் ஒரு பழைய வண்டியை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் அன்பர்களே, வாருங்கள், நம்ம கதைதான் இது.

இயற்கைக் காற்று

அத்தை வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி. வெயில் காலத்தில் காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் ஏற்றுவார். மற்ற நாளில் துறைமுகத்திலிருந்து மீன். இடமில்லாதபோது ஐஸ் சொட்டச் சொட்ட இரண்டு மீன் பெட்டியைக் கேபினுக்குள்ளேயும் வைத்துக்கொள்வார். உப்புத் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்து கேபினைப் பொறுமையாகச் சாப்பிட்டிருந்தன. இந்த வருஷம் பலா மண்டிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: பத்து நாளில் எஃப்.சி., அதாவது ஆர்.டி.ஓ. தருகிற தகுதிச் சான்று, முடித்து வண்டி வரவில்லையென்றால் சீசன் முழுக்க வேறு லாரி. மாமா வீட்டுக்கு அந்த சீசன்தான் வருஷத்துச் சோறு.

அப்பா கேபினுக்குள் கிடந்த மிதியடியைத் தூக்கினார். கீழே தரை இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் பட்டறையின் மண் தெரிந்தது. அதில் ஒரு கோழி எங்களை அண்ணாந்து பார்த்தது. “இன்னா மாமா இது?” என்று அப்பா கேட்க, மாமா கொஞ்சமும் அசரவில்லை.

“வெயிலுக்குக் காத்து வரட்டும்னு நானாத்தான் விட்டு வச்சிருக்கேன் மச்சான்.”

உத்தரவாதம்

மாற்றுவதா, ரிப்பேரா என்று முடிவு செய்ய அப்பாவுக்குச் சுத்தியல் போதும். தட்டினால் ‘ணங்’ என்றால் இரும்பு. ‘தொப்’ என்றால் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசுகிற மாவு. மாமாவின் கேபினைச் சுற்றி வந்தார். தொப், தொப், தொப். நடுவில் நான் வாயாலேயே ஒரு ‘ணங்’ போட்டேன். மாமா முகம் மலர்ந்தது. அப்பா என்னை முறைத்தார்.

கதவோரம் பட்டியைச் சுரண்டினால், அடியில் ஒரு ஒட்டுத் தகடு. “எவன் செஞ்ச வேலை மாமா இது? துருவை வெட்டாம அது மேலயே தகட்டை வச்சு அடிச்சிருக்கான். அவன் கையை ஒடிக்கணும்!” என்று அப்பா பொரிந்து தள்ளினார். இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் தகட்டில் மஞ்சள் எழுத்து எட்டிப் பார்த்தது. பல வருஷத்துக்கு முன் காணாமல் போன எங்கள் பட்டறையின் பழைய போர்டு. அவசரத்துக்கு வேறு தகடு கிடைக்காமல் யார் வெட்டி ஒட்டியிருப்பார் என்று அப்பாவுக்கே ஞாபகம் வந்துவிட்டது. சத்தமில்லாமல் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“வெல்டிங் பிடிக்கக் கொஞ்சமாவது இரும்பு வேணும் மாமா. இதுல இல்ல. வேற கேபின் மாத்திடலாம்” என்றார். மாமா குனிந்து போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“‘வேலைக்கு உத்தரவாதம் உண்டு’ன்னு போட்டிருக்கே மச்சான். எத்தினி வருசத்துக்குங்கறதைத்தான் துரு தின்னுடுச்சு.”

வண்டியில் ஆள்

சிதம்பரத்தில் ஒரு காயலாங்கடையில் அதே மாடல் கேபின் இருப்பதாகத் தகவல் வந்தது. மூன்று பேரும் பஸ் ஏறினோம். பழைய கேபின் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “டிரைவருக்கு ஒண்ணும் ஆகலையே?” செத்தவர் உட்கார்ந்திருந்த சீட்டில் எவரும் உட்கார மாட்டார். விற்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற பதிலும் ஒன்றே: “டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தாரு.” காயலாங்கடைக்காரர்கள் சொல்வதை நம்பினால், தமிழ்நாட்டில் லாரி இடிபடும்போதெல்லாம் டிரைவர்கள் டீக்கடையில்தான் இருந்திருக்கிறார்கள்.

இந்தக் கடைக்காரரும் அதையே ஒப்பித்தார். நிறுத்தியிருந்த லாரியைப் பின்னால் வந்த லாரி இடித்து அடிச்சட்டம் வளைந்ததாம். கேபினுக்குக் கீறல் இல்லையாம். அப்பா தட்டினார். ணங், ணங், ணங். சங்கீதம்! மாமா உள்ளே ஏறி ஸ்டீயரிங்கை ஆசையாகத் தடவினார். நான் அதற்கு முன்பே சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் ஏறிப் பதுங்கியிருந்தேன். அன்பர்களே, நீங்களாக இருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா? கரகரத்த ஆண் குரலில், மெதுவாக, “அண்ணே… கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைங்க. பின்னாடி வர்றது தெரியல” என்றேன்.

மாமா கதவைத் திறந்தாரா, ஜன்னல் வழியாக வந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. பஸ் ஸ்டாண்டில்தான் பிடித்தோம். மூன்று சோடா குடித்த பிறகு வாய் திறந்தார்.

“கேபின் நல்ல கேபின்தான் மச்சான். ஆனா உள்ள ஆள் இருக்கு.”

சோகம் பத்தவில்லை

மாமா திரும்பவும் பழைய கேபினுக்கே போய்விட்டார். “எப்படியாவது ஒட்டிக் குடு மச்சான்” என்று கெஞ்சினார். அப்பா வெல்டிங் வைத்தார். வைத்த இடமெல்லாம் பொத்துக்கொண்டது. பத்தில் ஐந்து நாள் போய்விட்டது. பலா மண்டியிலிருந்து, “இன்னும் அஞ்சே நாள்” என்று எனக்கு ஃபோன் வந்தது. அந்த ஒரு குரலை மட்டும் நான் யாருக்கும் பேசிக் காட்டவில்லை. மாமாவிடம் போய், “அது நான்தான் மாமா” என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் பரிதாபமாகப் பார்த்தார். “உங்கப்பனுக்காகப் பொய் சொல்ற. உன் குரலு எனக்குத் தெரியாதா?” இத்தனைக்கும் போன மாசம்தான் அவர் குரலில் அவர் வீட்டுக்கே ஃபோன் பண்ணி, கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னேன். அத்தையும் வைத்துவிட்டார். சரி என்று, அதே கரகரப்பில் அதே வசனத்தை அவர் முன்னாலேயே பேசிக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“கிட்டக்க வருது பாப்பா. ஆனா அவன் குரல்ல ஒரு சோகம் இருந்துச்சு, அது உனக்கு வரல.”

உயிருள்ள குரல்

வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. கேபின் கதவில் எழுதியிருந்த முதலாளி நம்பரைக் காயலாங்கடையில் கேட்டு வாங்கி, அவர் மூலமாக டிரைவர் நம்பரைப் பிடித்தேன். அந்தோணி அண்ணன், அண்ணாமலை நகரில் இப்போது காய்கறி வேன் ஓட்டுகிறார். “ஆமா தங்கச்சி, டீதான் குடிச்சிட்டிருந்தேன்” என்றார். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. காயலாங்கடைப் பொய் முதல் தடவையாக உண்மையாகியிருக்கிறது!

துள்ளிக் குதித்துக்கொண்டு ஃபோனை மாமாவிடம் கொடுத்தேன். “அண்ணே, நான்தான் அந்த வண்டி டிரைவரு. உயிரோடதான் இருக்கேன்” என்று அந்தோணி அண்ணன் சொல்ல, மாமா ஒரு விநாடி கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் வாயை மூடிக்கொண்டு எதிரிலேயே நிற்கிறேன்.

“எப்பிடிடி வாயைத் திறக்காமயே பேசற? இந்தத் தடவை சோகம் கூட நல்லா வந்திருக்கு!”

ரெண்டாவது டீ

வேறு வழியில்லை. எட்டாம் நாள் காலை அந்தோணி அண்ணனையே பஸ் ஏற்றிக் கடலூருக்குக் கூட்டிவந்தேன். மாமா அவரைச் சுற்றி வந்தார். கையை அழுத்திப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அது உள்ளே இறங்குகிறதா என்று தொண்டையையே கவனித்தார். “கண்ணாடியைத் திருப்பி வைங்கன்னு சொல்லுங்க” என்றார். பாவம், அண்ணன் எதற்கென்று தெரியாமலே சொன்னார். மெல்லிய குரல், நான் பேசியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் பட்டறைக் கூரையைப் பார்த்தேன்.

அன்று என்னதான் நடந்தது என்று மாமா கேட்டார். “மொத டீ ஒரே கசப்பு அண்ணே. கிளம்பிட்டேன். கடைக்காரரு, இருங்க வேற போட்டுத் தரேன்னு பிடிச்சு நிறுத்துனாரு. ரெண்டாவது டீ கைக்கு வரும்போதுதான் சத்தம் கேட்டுச்சு” என்றார் அந்தோணி அண்ணன். மாமா அவருக்கு இன்னொரு டீ சொன்னார். மறுநாள் கேபின் வந்தது. அப்பாவும் மாமாவும் அந்தோணி அண்ணனும் சேர்ந்தே மாட்டினார்கள். பத்தாம் நாள் சாயந்திரம் எஃப்.சி. முடித்து, வண்டி காடாம்புலியூருக்குக் கிளம்பியது. மாமா ஏறி உட்கார்ந்து, முதல் வேலையாகக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். பிறகு ஜன்னலில் தலையை நீட்டினார்.

“மச்சான், ராசியான கேபினு இது. இனிமே எங்க நிறுத்துனாலும் ரெண்டு டீ!”

மாமாவின் கேபினுக்குச் சிதம்பரத்தில் மாற்றுக் கிடைத்துவிட்டது, துருப்பிடித்துப் போன என் பேச்சுக்குத்தான் எந்தக் காயலாங்கடையிலும் மாற்று இல்லை, பிளஸ் டூ பாஸ் என்று என் சொந்தக் குரலில் ஃபோன் பண்ணிச் சொன்னால் “சரி சரி, யாரு குரலு இது?” என்கிறார்கள்.