முப்பத்திரண்டு வயதுக் கிழவனும் எங்கள் கம்ப்ரசரும்

முப்பத்திரண்டு வயது ஆளைக் 'கிழவன்' என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? ஐம்பதைத் தாண்டிய எனக்கு வந்தது.

எங்கள் பாஸ் டெக்சாஸ்காரர். வளைகுடாவின் எரிவாயு நகரமான ராஸ் லஃபான் வெயிலில் இத்தனை வருடம் காய்ந்தும் அவருடைய அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம் மட்டும் தெளியவில்லை. சீசன் தொடங்கும்போது ஆபீஸில் ஒரு ஆட்டம் வைப்பார். அமெரிக்காவில் விளையாடும் நிஜ வீரர்களை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அங்கே ஓடினால் இங்கே நமக்குப் பாயின்ட். கடைசியாக வருபவர் மொத்த ஆபீஸுக்கும் கரக் டீயும் சமோசாவும் வாங்கித் தர வேண்டும்.

இந்த வருடம் ஆள் குறைகிறது என்று என்னையும் பிடித்து இழுத்துப் போட்டார்கள். எனக்குக் கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும். இந்த ஆட்டத்தில் பந்து ஏன் உருண்டையாக இல்லை என்பதுகூடத் தெரியாது. என் முறை வந்தது... 'ரன்னிங் பேக்' – பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் – ஒருவரை எடுக்க வேண்டுமாம். என்ன செய்தேன்? வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்தவன் எதைச் செய்வானோ அதைத்தான் செய்தேன். யாருக்கு சர்வீஸ் அதிகம் என்று பார்த்தேன். 'கல்ஃப் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்ற விளம்பரத்தைப் பார்த்து விமானம் ஏறியவர்கள் நாம். வேறு எப்படி ஆள் எடுப்போம்?

நான் பெயரைச் சொன்னதும் அறையே சிரித்தது. பாஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகள் நிலாவிடம் நியாயம் கேட்டேன். பதினொன்றாம் வகுப்பு. இங்கேயே வளர்ந்தவள். பாதி அமெரிக்கா அவள் போனுக்குள் இருக்கிறது.

"அப்பா! ஹி இஸ் தர்ட்டி டூ! ரன்னிங் பேக்குக்கு அது தாத்தா ஏஜ்!"

"முப்பத்திரண்டு தாத்தான்னா, நான் யாருடி?"

"யூ ஆர் எ ஃபாசில், அப்பா."

மண்ணுக்கடியில் புதைந்து எண்ணெயாக வேண்டிய கேஸ் என்கிறாள். சரிதான், வேலையும் அந்தத் துறையில்தானே!

ரோஷம் வந்து ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் புரிந்தது. ஜல்லிக்கட்டில் காளையின் திமிலை ஒருவர்தான் பிடிக்கலாம். இங்கே பந்தைச் சுமந்து ஓடும் மனிதன்தான் காளை. நாலைந்து பேர் ஒரே சமயத்தில் மேலே விழுந்து அமுக்கலாம் – அதுவும் ஒவ்வொருவரும் ஒரு பீரோ சைஸ். காளையாவது வாடிவாசலைத் தாண்டி ஓடிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இவர் எழுந்து, ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, மறுபடி வந்து நிற்க வேண்டும். மறுபடி பந்து. மறுபடி இடி.

இதனால்தான் இருபத்திரண்டு வயதில் ராஜாவாக இருப்பவர் முப்பதை நெருங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். டீம்காரர்களும் புது ஒப்பந்தம் போட ஆயிரம் முறை யோசிக்கிறார்கள். இதில் கொடுமை எது தெரியுமா? நன்றாக ஓடினால் அதற்குப் பரிசு – இன்னும் நாலு முறை பந்து கையில் திணிக்கப்படும். ஓடத் தெரியாதவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டு ஆரோக்கியமாக இருப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை பாஸிடம் இதைக் கேட்டேன். இரவெல்லாம் ஆட்டம் பார்த்துச் சிவந்த கண்ணோடு இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் பேசியது டெக்சாஸ் இங்கிலீஷ். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"கால் என்பது டயர் மாதிரி. எவ்வளவு நல்ல டயரானாலும் தேயும். புத்திசாலிக் கோச் இரண்டு பேரை வைத்து மாற்றி மாற்றி ஓடவிடுவான். ஒரே ஆளைப் போட்டுத் தேய்க்கிறவன் முட்டாள்!" மேஜையை வேறு தட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு சரவணன் உள்ளே வந்தான்.

சரவணன் மதுரைப் பையன். கம்ப்ரசர் இன்ஜினியர் – எரிவாயுவை அழுத்தித் தள்ளும் ராட்சத எந்திரங்கள் அவன் பொறுப்பு. எங்கள் பிளான்ட்டில் எந்தக் கம்ப்ரசர் இருமினாலும் முதல் போன் அவனுக்குத்தான். எகிப்துக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், பாகிஸ்தானி – எல்லாருக்கும் அவன் 'சரவணன் பாய்', அதாவது சகோதரன். "சரவணன் பாய், ஜல்தி! யல்லா!" என்று அவசரப்படுத்தி வாக்கி டாக்கி நாள் முழுக்கக் கத்தும். அதுவும் ஷட்டவுன் வந்துவிட்டால் – மொத்த பிளான்ட்டையும் நிறுத்திவிட்டுப் பிரித்துப் பழுது பார்க்கிற காலம் – அவன் ரூமுக்குப் போவது குளிக்க மட்டும்தான். வலியெடுத்த இடுப்பில் ஒரு பெல்ட் வேறு கட்டியிருக்கிறான்.

அவன் லீவு கேட்டான். "ஷட்டவுன் முடியட்டும், சரவணன். நீ இல்லாமல் எப்படி?" என்றார் பாஸ், அன்பாகத்தான். அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான்.

கேன்டீனில் பிடித்துக் கேட்டேன்.

"மீனாவுக்கு ரெண்டாவது பிரசவம்ண்ணே. மாசம் நெருங்குதுன்னு மதுரைக்கு அவுங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. டாக்டர் சொன்ன தேதி கரெக்டா ஷட்டவுன் நடுவுல வருது."

"முதல் குழந்தைக்குப் போனியா?"

"அப்பவும் ஷட்டவுன்தான். ஹெல்மெட்டும் கையுமா வீடியோ கால்ல பாத்தேன். மெஷின் சத்தத்துல புள்ள அழுதது கூடக் கேக்கல." டீயைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினான். "போகலைன்னா மீனா ஒண்ணும் சொல்ல மாட்டாண்ணே. அதான் கஷ்டமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதுதானே ஒருவர் மேஜையைத் தட்டினார்?

மறுநாள் பாஸ் அறைக்குப் போனேன். "ஃபுட்பாலில் ஒரு சந்தேகம்" என்றேன். கையிலிருந்த வேலையையெல்லாம் ஓரம் தள்ளினார். லீவு, பிரசவம் என்று ஆரம்பித்திருந்தால் தள்ளியிருப்பாரா?

"ஒரு டீமில் நல்ல ரன்னிங் பேக் ஒருத்தன். எல்லாப் பந்தையும் அவனுக்கே கொடுக்கிறார்கள். சீசனுக்கு சீசன் ஓய்வே கிடையாது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஓடுகிறான். என்ன ஆகும்?"

"ஒன்று உடைவான். இல்லை, நல்லவிதமாக நடத்துகிற டீமுக்குப் போய்விடுவான். அந்தக் கோச்சை முதலில் தூக்க வேண்டும். எந்த டீம் அது?"

"நம்ம டீம்தான் பாஸ். பையன் பேர் சரவணன். முதல் குழந்தை பிறந்ததை வீடியோ காலில்தான் பார்த்தான், இப்போது இரண்டாவது பிரசவம்."

அவர் மெல்லத் திரும்பிச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தார். ஷட்டவுன் வேலைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கம்ப்ரசர் என்று வந்த இடத்திலெல்லாம் ஒரே பெயர். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். 'ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டாயே' என்று மனசு திட்டியது.

பாஸ் எழுந்தார். டஸ்டரை எடுத்தார். சரவணன் பெயரை ஒவ்வொன்றாக அழித்தார். "போகச் சொல்" என்றார். "முதல் பிரசவத்துக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்."

சொல்ல மாட்டோமே! அதுதானே நம் வழக்கம்? 'முடியாது' என்று சொன்னால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே இடுப்பை உடைத்துக்கொள்வோம்.

சந்தோஷமாகக் கதவு வரை வந்துவிட்டேன். அப்போது பின்னால் ஒரு குரல்.

"ஒரு நிமிஷம். இரண்டாவது ஆள் வேண்டுமே?"

"ஆமாம் பாஸ். இளைஞர்கள் நிறையப் பேர்..."

"நீ பழைய கம்ப்ரசர் ஆள்தானே?"

உண்மைதான். ஆனால் அது ஒரு காலம். இப்போது நான் ட்ரெயினிங் பிரிவில், ஏசி அறையில், கம்ப்ரசரை ஸ்கிரீனில் மட்டும் பார்ப்பவன். வயதைச் சொன்னேன். முழங்காலைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பலகையில் என் பெயரை எழுதினார்.

"ஆள் எடுக்கும்போது அனுபவத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று இந்த ஆபீஸில் நம்புகிறவன் நீ ஒருவன்தான்."

ஷட்டவுன் நடந்துகொண்டிருக்கிறது. படியேறிப் படியிறங்கி என் முழங்கால் எனக்கே தெரியாத மொழியில் பேசுகிறது. நிலா என்னைப் பார்த்து, "அப்பா, ஃபாசில் இஸ் மூவிங்!" என்கிறாள். என் அணி கடைசி இடத்தில் கம்பீரமாக நிற்கிறது. சமோசாவுக்கு இப்போதே கடையில் சொல்லி வைத்துவிட்டேன். அந்த முப்பத்திரண்டு வயதுத் தாத்தாவையும் நான் கைவிடவில்லை. அவர் கீழே விழுந்து எழும்போதெல்லாம் நானும் இங்கே சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன்.

நேற்று மதியம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நிற்கும்போது சரவணனிடமிருந்து போன்.

"அண்ணே, பொண்ணு! பக்கத்துலயே இருந்தேண்ணே... மொத அழுகைய நல்லாக் கேட்டேன்." அவனும் அழுதுகொண்டிருந்தான். இந்தப் பக்கம் நான் ஹெல்மெட்டோடு நின்று கண்ணைத் துடைத்தேன்.

அதற்குள் வாக்கி டாக்கி கத்தியது – என் பெயரைச் சொல்லி, பின்னாலேயே ஒரு 'பாய்', ஒரு 'ஜல்தி', ஒரு 'யல்லா'.

வாசகர்களே, உங்களில் யாருக்காவது கல்ஃப் அனுபவம் இருக்கிறதா? பந்தைக் கொடுத்துவிடுகிறேன்.